மாடியில்தான் இருக்கிறாள்

மத்தியானம் தூங்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. என் வகுப்பில் மாணவர்கள்தான் தூங்குவார்கள். அறவியல் பாடம் அப்படி; சாப்பாட்டுக்குப் பிறகு வைத்தால் யாருக்கும் கண் சொருகும். அதனால் அன்று அவர் வந்து கதவைத் தட்டியபோது நான் முழு விழிப்போடுதான் இருந்தேன், ஐயா. தூக்கக் கலக்கத்தில் உளறிவிட்டேன் என்று நீங்களாக எழுதிக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் கூப்பிடாமலே நான் இந்த ஸ்டேஷனுக்கு வந்ததற்குக் காரணம் ஒன்றுதான். என் தங்கையின் கணவர் உங்களிடம் சொன்னதில் ஒரு பிழை இருக்கிறது. "மச்சானுக்கு ஒண்ணும் தெரியாது, அவ அங்கதான் இருப்பான்னு நானாத்தான் போனேன்" என்று சொன்னாராமே. என்னை இதில் இழுக்க வேண்டாம் என்று நினைத்திருக்கிறார். நல்ல மனசுதான். ஆனால் அது பொய். என் பொருட்டு ஒருவர் பொய் சொல்லி, அதன் நிழலில் நான் நிற்க முடியாது.

கல்லூரியில் எனக்குத் 'தராசு' என்று பெயர். கிண்டலாக வைத்ததுதான், நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். உடன் வேலை பார்ப்பவர் ஒருமுறை தன் மகளைப் பாடச் சொல்லி, எப்படி இருக்கிறது என்று கேட்டார். சுருதி சேரவில்லை என்றேன். அந்தப் பெண் பிறகு பாடவே இல்லையாம். சேராத சுருதியில் பாடிக்கொண்டே இருப்பதற்கு அது மேல்.

என் தங்கை கதை எழுதுகிறவள். எழுதியவள் என்று சொல்ல வேண்டும், இன்னும் வாயில் வரவில்லை. எங்கள் சண்டையெல்லாம் இதில்தான்.

"அண்ணா, உன் புஸ்தகத்துல மனுஷங்களே இல்ல. 'ஒருவன்', 'மற்றொருவன்', அவ்வளவுதான். என் கதையில அந்த ஒருத்தனுக்குப் பல்லு வலிக்கும். பொண்டாட்டி கோச்சுக்கிட்டுப் போயிருப்பா."

"பல்லு வலிச்சா பொய் சொல்லலாமா?"

"சொல்லலாமா கூடாதான்னு நான் சொல்ல வரலண்ணா. வலிக்குதுன்னு சொல்றேன்."

இப்படித்தான் பேசுவாள். பிடி கொடுக்க மாட்டாள். என் மனைவி அவள் பக்கம் சேர்ந்துகொண்டு சிரிப்பாள்.

போன வருடம் ஒரு வார இதழில் அவள் கதை ஒன்று வந்தது. உண்மை தவிர வேறு பேசாத பேராசிரியர் ஒருவர். அடிக்க வருகிற கும்பலிடமிருந்து தப்பி ஒரு கூலியாள் அவர் வீட்டுக்குள் ஓடி வருகிறான். கும்பல் வாசலில் நின்று கேட்கிறது. பேராசிரியர் வாழ்க்கையில் முதல்முறையாகப் பொய் சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்புகிறார்; உள்ளே வந்து அழுகிறார். அந்தப் பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைப்பது, படியில் இறங்கும்போது முனகுவது எல்லாம் நான்தான். இதழுக்குக் கடிதங்கள் குவிந்தன. அந்தப் பொய்தான் மனுஷத்தனம் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் கொண்டாட்டம். "என்ன சார், தங்கச்சி உங்களையே பொய் சொல்ல வச்சுட்டாங்களே?" என்று கேட்டார்கள். நானும் சிரித்தேன். கோபமில்லை. கதை படிப்பவன் கண் கலங்கிய இடத்தையெல்லாம் நியாயம் என்று எடுத்துக்கொள்கிறான், அது ஆபத்து என்று ஒரு கட்டுரை எழுதினேன். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

அவள் கணவரை உங்களுக்குத் தெரியும். கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், அதிர்ந்து பேச மாட்டார். என் கண்ணாடியைக்கூட அவர்தான் மாட்டிவிட்டு, காதுக்குப் பின்னால் உறுத்துகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். அதே விரல்களின் தடம் கழுத்தில் பதிந்திருக்க, ஒரு பையோடு அவள் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றாள். இன்னொரு தடவை சிக்கினால் விட மாட்டேன் என்று அவர் சொன்னாராம். நான் நம்பினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், தெரியாமல் செய்தேன் என்று ஆகிவிடக் கூடாது.

மாடி அறையை ஒழித்துக் கொடுத்தோம். மனைவி என்னைத் தனியாகச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"யாரு வந்து கேட்டாலும் இங்க வரலைன்னு சொல்லிடுங்க. புரியுதா?"

"புரியுது" என்றேன். கவனியுங்கள், சரி என்று சொல்லவில்லை.

தங்கைக்கு அந்தக் கவலையே இல்லை. "அண்ணன் சொல்ல மாட்டான் அண்ணி. அவனை எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதானே எழுதினேன்" என்றாள். உதடு வீங்கியிருந்ததால் சிரிப்பு ஒரு பக்கமாக வந்தது.

அவள் சொன்னதை நான் பல தடவை நினைத்துப் பார்த்தேன். அவள் தங்கியிருந்தது என் வீட்டில் அல்ல, தான் எழுதிய அந்த ஆளின் வீட்டில். அப்படி ஒரு ஆள் கிடையாது என்று அவளுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

அன்று மனைவி வேலைக்குப் போயிருந்தாள். நான் கூடத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்தால் மாப்பிள்ளை. சட்டை கசங்காமல், தலை வாரி, கையில் ஒரு துணிப்பை. பையில் என்ன என்று நான் கேட்கவில்லை.

"மச்சான், அவ இங்க இருக்காளா?"

"இருக்கா."

அவரே எதிர்பார்க்கவில்லை. அப்படியே நின்றார். இல்லை என்று சொல்லியிருந்தால் திரும்பிப் போயிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அழுகிற முகமாகத்தான் இருந்தது.

"எங்க?"

"மாடியிலதான் இருக்கா."

வாயை மூடிக்கொண்டு கதவைச் சாத்தியிருக்கலாமே என்று நேற்று உங்கள் ஏட்டு கேட்டார். ஏமாற்றுவதற்காக மௌனமாக இருப்பதும் பொய்தான் என்று முப்பது வருடமாகப் பாடம் நடத்துகிறேன். வகுப்பில் ஒன்று, வாசலில் ஒன்று என்று இருக்க முடியுமா? நான் ஒதுங்கி வழிவிட்டேன். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஏறினார்.

மாடியில் நடந்ததை நான் பார்க்கவில்லை. சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. இரண்டு விடைத்தாள் திருத்தியிருப்பேன். இரண்டிலும் மதிப்பெண் சரியாகவே போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்ளலாம்.

மனைவி அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். "காட்டிக் குடுத்துட்டீங்க" என்ற ஒரே வார்த்தைதான் பேசினாள். நான் காட்டிக்கொடுக்கவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். அதன் பிறகு அவர் செய்தது அவருடைய செயல். இந்த வித்தியாசம் புரியாமல்தான் ஜனங்கள் கதையைப் படித்துவிட்டு அழுகிறார்கள்.

நீங்கள் ஒன்று கேட்டீர்கள். மாடி அறைக் கதவு உள்ளே தாழ் போடக்கூடியது, கனமான கதவு. அவள் எப்போதும் தாழ் போட்டுத்தான் இருப்பாள் என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள். தாழ்ப்பாள் உடையவில்லை, கதவில் கீறல்கூட இல்லை. பிறகு எப்படித் திறந்தது என்று கேட்டீர்கள்.

அவர் மேல்படியில் நின்று மெல்லத் தட்டினார். அவள் உள்ளிருந்து, "அண்ணா, யாரு வந்திருக்கா?" என்று கூப்பிட்டாள். குரல் நடுங்கியது. எனக்குப் பாவமாக இருந்தது. படிக்குக் கீழே நின்று, "அண்ணிதாம்மா, கதவைத் திற" என்றேன்.

அதைப் பொய் என்று எழுதிவிடாதீர்கள், ஐயா. குழந்தை பயப்படக் கூடாதே என்று சொன்னது.