'நோ' இல்லாத ஃபேக்ஸ்

"ஸ்பெயின்காரன் நம்மள திட்டிகீறானா, அத மட்டும் சொல்லும்மா."

தொண்ணூறுகளில் ஒரு மாலை, தாம்பரம் மின்சார ரயில். எதிர் இருக்கையில் கேட்டவர் திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவர். அவருக்கு வந்த ஃபேக்ஸை மடியில் விரித்திருந்தாள், ஸ்பானிஷ் படிக்கும் அவருடைய பக்கத்து வீட்டுப் பெண்.

"நீங்க அனுப்பின சாம்பிள் வால்வுக்கு நேரா 'கொன்ஃபோர்மே'ன்னு போட்டிருக்காங்க சார்."

"இங்கிலீஷ்ல இன்னா?"

"டிக்‌ஷனரில 'அக்ரீயிங்'னு இருக்கு. ஆனா சரக்கு சரியா இருந்தா அவங்க இப்படித்தான் எழுதுவாங்க. நாம 'அக்செப்டட்'னு போட்டுக்கலாம்."

"வெரி குட்னு ஒண்ணும் இல்லியா?"

"இதுவே போதும் சார். பிடிக்கலன்னா முன்னாடி 'நோ' போட்டிருப்பாங்க."

அவர் ஃபேக்ஸை வாங்கி, விரல் வைத்து வரிவரியாக 'நோ'வைத் தேடினார். எதிரே இருந்த நானும் தலைகீழாகத் தேடினேன். எங்குமே இல்லை.

பல்லாவரத்தில் சட்டென்று எழுந்தார்.

"சார், தாம்பரம் இன்னும் வரலியே!"

"நீ வூட்டுக்குப் போம்மா. இங்கருந்து பஸ் புடிச்சி, பட்டறை மூடறதுக்குள்ள ஆளுங்ககிட்ட சொல்லணும். அந்த வார்த்தைய இன்னொரு வாட்டி சொல்லு."

"கொன்ஃபோர்மே."

ரயில் நகர்ந்தபோது அவர் அதையே முணுமுணுத்தபடி மேம்பாலப் படியேறிக்கொண்டிருந்தார்.