ரெண்டு பேருக்கும் பயம் போச்சு

பாலிகஞ்ச் டிராமில் எனக்கு முன் சீட்டில் இரண்டு தமிழ்ப் பெண்கள். லோட் ஷெடிங் என்கிற மின்வெட்டைத் திட்டி முடித்ததும் கண்ணாடி போட்டவள் சொன்னாள்: "நேத்தியிலேர்ந்து எனக்கு மாமியார்கிட்ட பயமே இல்லைடீ."

"எப்படி?" என்றாள் தோழி.

"வேதாந்த வகுப்புல சொன்னா. புராணத்துல வர்ற அசுரன் வெளியில இல்லையாம், நம்ம மனசுல இருக்கற பயம்தானாம். கேட்டதும் உடம்பே லேசாயிடுத்து. நேரா ஆத்துக்குப் போய், 'அம்மா, நான் வேலைக்குப் போகப்போறேன்'னுட்டேன்."

"ஐயோ! மாமியார் என்ன சொன்னா?"

"'தாராளமாப் போயேன். உன் மூஞ்சியைப் பார்த்து பயந்துண்டு நான் ரெண்டாந்தரம் காப்பிகூடக் கேக்கறதில்லை'ன்னா! உடனே அவளுக்கும் அந்த அசுரன் விஷயத்தைச் சொன்னேன்."

"அப்புறம்?"

"இப்ப ரெண்டு பேருக்கும் பயமில்லை. கார்த்தாலேர்ந்து ஓயாத சண்டை" என்று சந்தோஷமாகச் சிரித்தாள்.