ஒரு நகத்தளவு முருகை

இல்லைத் தம்பி, ஃபோனுக்கு ஒண்டுமில்லை. அது நல்லாத்தான் வேலை செய்யுது. நான் உங்கடை கடையிலை இருக்கிற உந்தக் கண்ணாடித் தொட்டியைப் பாக்கத்தான் வந்தனான். உந்தா, மூலையிலை ஊதா நிறத்திலை விரல் விரலாய் நிக்குது, அது எங்கடை முருகைதானே, அந்தக் கடல் பவளம்? ஓம், மார்க்கண்டற்றை மனிசிதான். தில்லைநாயகி. எபினேயிலையிருந்து வாறன். உந்தத் துண்டை வாங்கிக்கொண்டு போக நீங்கள் வீட்டை வந்தநேரம் கோப்பி போட்டுத் தந்தனான். அப்ப உங்களுக்குத் தாடி இல்லை.

வேண்டாம் தம்பி, தேத்தண்ணி ஒண்டும் வேண்டாம். எனக்கு உதிலை ஒரு துண்டு வேணும். பெரிசாய் இல்லை, நகத்தளவு காணும். என்ன, விக்கிறதுக்கோ? நல்ல கதை. வீட்டுக்குத்தான்.

எங்கடையோ? எங்கடை... அது போட்டுது தம்பி. செத்துப்போச்சு.

உங்களுக்கே முகம் இப்பிடிப் போகுதெண்டால், அந்த மனிசனை ஒருக்கா நினைச்சுப் பாருங்கோ. அவருக்கு இன்னும் தெரியாது. அவர் வீட்டிலை இல்லை. உங்களுக்கு அதுவும் தெரியாதே? இடுப்பெலும்பு முறிஞ்சு ஒப்பித்தால்லை கிடந்தவர். ஒப்பரேஷன் முடிஞ்சு, இப்ப நடை பழக்கிற இடமொண்டிலை விட்டிருக்கினம். எப்பிடி விழுந்தவரோ? ஸ்டூலிலை ஏறி நிண்டு, தோள்மட்டும் கையைத் தொட்டிக்குள்ளை விட்டுப் பாசி சுரண்டினவர். எழுபது தாண்டின மனிசன். சத்தம் கேட்டு அடுப்படியிலையிருந்து ஓடிவாறன், ஆள் நிலத்திலை, காலொண்டு ஒருமாதிரித் திரும்பிக் கிடக்கு. முதல் கேட்டது என்ன தெரியுமே? தண்ணி மோட்டர் ஓடுதோ பார் எண்டு. நான் அங்கை ஐயோ எண்டு கத்துறன். பொம்பியேக்காரர் அம்புலன்ஸோடை வந்து தூக்கிக்கொண்டு போகேக்கையும், தண்ணி வத்தவிடாதை, பிளாஸ்ரிக் கானிலை இருக்கிற தண்ணியை விடு எண்டு சொல்லிக்கொண்டுதான் போனவர். என்னைத் திரும்பிப் பாக்கவுமில்லை. சரி, நோவிலை கிடந்த மனிசன், அதை விடுங்கோ.

உங்கை ஒரு பிள்ளை சிம் கேட்டுக்கொண்டு நிக்குது. அதைப் பாருங்கோ முதல். நான் நிக்கிறன்.

என்ன, ஏன் செத்ததெண்டோ? தண்ணிதான் தம்பி. வத்த வத்த விடுறதுக்கு அவர் நல்ல தண்ணி வடிகட்டிக் கானிலை வைச்சிருந்தவர். அது... அது முடிஞ்சுபோச்சு. என்னட்டைச் செப்புக்குடம் ஒண்டு இருக்கு. அதிலை தண்ணி நிரப்பி வைச்சு விடிய வெறுவயித்திலை குடிக்கிறனான். உடம்புக்கு நல்லதெண்டு எங்கடை சனம் எல்லாம் இப்ப உதுதானே செய்யுது. அந்தத் தண்ணியை விட்டன். ஓம், செம்பு. உப்பிடித்தான் அவரும் தலையிலை கை வைப்பார். எங்களுக்கு மருந்து, உதுகளுக்கு நஞ்சு.

எவ்வளவு விட்டனானோ? கொஞ்சம் தம்பி. அளந்தே விட்டது.

அந்த முருகையை அவர் கொண்டுவந்த நேரம் எங்கடை மகள் பிரியதர்சினி மத்தெர்னெல்லிலை, பாலர் வகுப்பிலை படிச்சவள். இப்ப அவள் லியோனிலை, அவளின்ரை பிள்ளை மத்தெர்னெல் போகுது. ஆர்ஜொந்தெய்யிலை ஒரு வெள்ளைக்கார மனிசன் வீடு மாறேக்கை குடுத்த துண்டு. பையிலை தண்ணியோடை போட்டு, குளிர் படாமல் ஜக்கெட்டுக்குள்ளை நெஞ்சோடை அணைச்சுக்கொண்டு றெயினிலை வந்து இறங்கினார். நான் சிரிச்ச சிரிப்பு! எங்கடை ஊரிலை முருகைக்கல்லை உடைச்சுச் சுண்ணாம்பு சுட்டதுகள், நீங்கள் இஞ்சை அதுக்கு லைற் போட்டுப் பிள்ளை வளக்கிறமாதிரி வளக்கப் போறியளோ எண்டு கேட்டனான். வளத்தார் தம்பி. வெட்டி வெட்டிப் பாரிசு முழுக்கக் குடுத்தார், உங்களுக்குத் தந்தமாதிரி. தண்ணி ஒழுங்காய் இருந்தால் இதுக்குச் சாவெண்டதே இல்லை, எங்கடை பேரப்பிள்ளையளின்ரை பேரப்பிள்ளையளும் பாக்குங்கள் எண்டு சொல்லுவார். வெட்டினாலும் அது வேறை இல்லையாம், அதே உயிர்தானாம். அப்ப உங்களிட்டை நிக்கிறதும் அதுதானே. அதுதான் உங்களைத் தேடி வந்தது.

பாசமெண்டால் ஒரு அளவு வேணும். மகளிட்டை லியோனுக்குப் போனாலும் அண்டைக்கே திரும்பவேணும். கரண்ட் நிண்டால் ஆர் பாக்கிறது எண்டுவார். பேரப்பிள்ளை காலைக் கட்டிப்பிடிச்சு அழும், இவர் மணிக்கூட்டைப் பாப்பார். எனக்குப் பத்தி எரியும். ஆனால் ஒருநாளும் அதை வெறுத்தனான் எண்டு சொல்லமாட்டன். அவர் இல்லாத நேரம் நானும் கதிரையை இழுத்துப்போட்டு அதைப் பாத்துக்கொண்டு இருந்தனான்தான். வடிவுதானே.

இப்ப நாளாந்தம் வீடியோவிலை வருவார். முருகையைக் காட்டப்பா எண்டுவார். நீல லைற்றை மட்டும் போட்டுத் தூர நிண்டு காட்டுவன். ஏன் வெளிறிப்போய்க் கிடக்கு எண்டு கேட்டார். ஃபோன் பழசு, கமெரா சரியில்லை எண்டு சொல்லிப்போட்டன். பாவி மனிசன், அதை நம்பி, அம்மாவுக்குப் புது ஃபோன் ஒண்டு வாங்கி அனுப்பு எண்டு மகளுக்குச் சொல்லியிருக்கிறார். அந்த ஃபோன்தான் இது. கையிலை எடுக்கவே கூசுது.

அதுகூடப் பரவாயில்லை. போன கிழமை அவரைப் பாக்கப் போனன். நடை பழக்கிற பிள்ளை எலோடி, நல்ல பிள்ளை, என்னைத் தனியக் கூப்பிட்டுச் சொல்லுது: மற்ற ஆக்களை நான் கெஞ்சிக் கெஞ்சி எழுப்பவேணும் மடாம், உங்கடை மனிசன் நான் வரமுன்னமே எழும்பிக் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார் எண்டு. ஏன் இவ்வளவு அவசரம் எண்டு கேட்டால், வீட்டிலை ஒராள் எனக்காகப் பாத்துக்கொண்டிருக்கு எண்டு சொல்லுறாராம். அந்தப் பிள்ளை அது நானெண்டு நினைச்சு என்ரை கையைப் பிடிச்சுது தம்பி. கண்ணெல்லாம் கலங்கி. எனக்கு அந்த முகத்தைப் பாக்கேலாமல் போச்சு. நோவோடை நோவாய் அந்த மனிசன் அதுக்காகத்தானே நடக்கிறார். அதை நான் நினைக்கேல்லை. உண்மையாய் நான் அதை நினைக்கேல்லை.

வியாழக்கிழமை விடுகினம். தடியூண்டி நடந்து வருவார். கதவைத் திறந்தால் நேரே அங்கைதான் போவார். பெரிசு போட்டுது, ஆனால் ஒரு துண்டு தப்பியிருக்கு, பாருங்கோ எண்டு காட்ட எனக்கு ஏதாவது வேணும். அவருக்குத் துண்டு காணும். துண்டிலையிருந்துதானே அதையும் வளத்தவர்.

வெட்டுறியளோ? நல்லாயிருப்பியள் தம்பி. உங்களுக்குக் கோடி புண்ணியம்.

என்ன சொல்லுறியள்? இதுவும் செத்துப்போமோ? புதுத் தண்ணி மாத்தி விட்டால்? ஓ... கல்லுக்குள்ளையும் ஊறியிருக்கும். கரி போட்டு எடுக்கலாமோ? கொஞ்சம் விட்டதெண்டால் எடுக்கலாம், கனக்க விட்டதெண்டால் கல்லு, மண்ணு எல்லாம் எறிஞ்சு புதுசாய்த் தொடங்கவேணும். ஓம். விளங்குது. அதுதான் திரும்பத் திரும்பக் கேக்கிறியள்.

அந்த வெட்டுற குறட்டைக் கீழை வையுங்கோ. கொஞ்சம் பொறுங்கோ. இதையும் கொண்டுபோய்க் கொல்லேலாது.

ஒருதரம் விட்டதில்லைத் தம்பி. அவரைக் கொண்டுபோன கிழமையே தொடங்கினனான். கானிலை தண்ணி முடியவுமில்லை, அது இப்பவும் நிரம்பிக்கிடக்கு. செம்பு ஆகாதெண்டு அவர் எனக்கு எத்தினைதரம் சொல்லியிருப்பார், குடத்தை அந்தப் பக்கம் கொண்டுபோகவே விடமாட்டார். ஆனால் அந்த முருகை உயிரோடை இருக்குமட்டும் இந்த மனிசன் திரும்பவும் ஸ்டூலிலை ஏறும். அடுத்தமுறை விழுந்தால் எழும்பாது. அதுக்குச் சாவில்லை, இவருக்கு இருக்குதானே. நான் அதை மட்டும்தான் யோசிச்சன். வெறுந்தண்ணிக்குச் செம்பு கெதியாய் இறங்காதெண்டு, குடத்துக்குள்ளை பழப்புளி கரைச்சு, பச்சையாய்க் களிம்பு வருமட்டும் வைச்சுப்போட்டுத்தான் ஊத்தினனான். இனிச் சொல்லுங்கோ, அந்தத் தொட்டியிலை இது தப்புமோ?