காத்து வாற வழி

— சோலார் ஃபேன் சுத்துதுட்டி பிந்து, பாத்தியா இல்லியா? இனி மீன்பிடி போட்ட விட்டு எறங்கு. ஐஸ் ஏத்தியாச்சு, ஆளுவ எல்லாம் கரையில காத்து நிக்கானுவ.

— சுத்துது, பாத்தேன். ஆனா கேபின் இன்னும் இட்லிச் சட்டி மாதிரில்லா வேவுது. எனக்க தம்பி சிஜின் போன தடவ கடலுக்குப் போனப்போ இதுக்குள்ளதானே மயங்கி விழுந்தான்?

— அது எஞ்சின் புகை. அத வெளிய தள்ளத்தானே மேல பேனல் வெச்சு, இந்த ஃபேன மாட்டியிருக்கேன்?

— கதவச் சாத்துங்க, ராத்திரி கடல்ல சாத்துவீங்கல்லா, அதுமாதிரி. அந்த ஊதுபத்தியக் கொளுத்தித் தாருங்க.

— செபமா? சர்ச்சுலேருந்து அச்சன் வந்து மந்திரிச்சுட்டுப் போயாச்சேட்டி.

— செபம் பிறகு. இஞ்ச, தரைப் பலகை இடுக்குல பிடிக்கேன். புகையப் பாருங்க.

— என்னது, கீழேருந்து ஊதி விட்ட மாதிரி மேல ஏறுது? டீசல் நாத்தமும் வருதே.

— அடுக்களையில ஜன்னலெல்லாம் சாத்திட்டு ஃபேன் போட்டா, கழுவுத தொட்டி வழியா சாக்கடை நாத்தம் வருமே, அதேதான். நல்ல காத்து வர வழியில்ல. எஞ்சின் புகைய உறிஞ்சி, தூங்குதவனுக்க மூக்குல ஊட்டுது. இதுக்கு ஃபேன் இல்லாமலே இருக்கலாம்.

— எதிர்ச் சுவருல ஒரு ஓட்டை போட்டா தீந்துது.

— பின்ன போடுங்களேன்.

— அந்தச் சுவருல மாதா படம் இருக்குல்லா.

— மாதாவ இந்தப் பக்கமா மாத்தி வைப்போம்.

— நாக்க அடக்குட்டி. எனக்க அம்மைக்க கையால ஆணியடிச்ச படம். ஓக்கிப் புயல்ல எத்தன போட்டு போச்சு, இது திரும்பி வந்துதே. மாதா வந்த பிறகு இந்தக் கேபின்ல குளுரு கூட அண்டினதில்ல. அதத் தொட்டா ஒரு பய ஏறமாட்டான். நானும் ஏறமாட்டேன்.

— அப்போ சிஜினும் ஏறமாட்டான்.

— ஆளு கொறஞ்சா வலைய யாரு இழுப்பா, நீயா? அவன் வெளிய டெக்குல படுக்கட்டும்.

— மத்தவனுவ? அவனுவளயும் ஒரு அம்மைதானே பெத்துப் போட்டா? புள்ளைக மூச்சு விட வழி குடுத்தா மாதா கோவிப்பாளா? அவளும் பெத்தவதான்.

— மாதா கோவிக்க மாட்டா. அம்மை கோவிப்பா.

— கேட்டிருவோம். ஃபோன ஸ்பீக்கர்ல போடுதேன். மாமி, பிந்து பேசுதேன், ஹார்பர்ல நிக்கேன். உங்க மகன் ஒண்ணு கேக்கணுமாம்.

— என்னட்ட ஏன்டி நீட்டுத? ஆங், அம்மா, கேபின்ல நீ வெச்ச மாதா படத்த எடுத்துட்டு, காத்து வர அந்த எடத்துல ஒரு ஓட்டை போடணுமாம். இவதான் சொல்லுதா. கூடாதுன்னு நீயே சொல்லும்மா.

— ஓட்டை போடாண்டாம்லே ஸ்டெனி. படத்துக்குப் பின்னால ஒண்ணு கிடக்கு, அப்பா காத்துக்குன்னு போட்டது. முதல் தடவ கடலுக்குப் போயிட்டு வந்து, "அது வழியா காத்தடிச்சு ராத்திரியெல்லாம் குளுருதும்மா"ன்னு நீதானே மக்கா அழுதே. அடைக்க அப்போ எனக்க கையில அம்பிட்டது அந்தப் படந்தான்.