திம்மப்பனின் தடுப்புக்கு யார் சாட்சி?

மேடையில் வீற்றிருக்கும் சிறுதொழில் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் திம்மப்பன் அண்ணனின் துணைவியார், அண்ணி சரோஜம்மாள் அவர்களே, ஓசூர் பட்டறை முதலாளிகளே, தொழிலாளத் தோழர்களே! மலர்வளையம் கொண்டுவந்திருக்கும் பெரிய கம்பெனியின் மேலாளர் ஹரீஷ்குமார் அவர்களே, உங்களுக்கும் வணக்கம். போய்விடாதீர்கள், உங்களைப் பற்றியும் பேசப் போகிறேன்.

டூல் ரூம் மேஸ்திரி அண்ணன் திம்மப்பன் போய்விட்டார். தளியில் பிறந்தவர். வீட்டில் கன்னடம், பட்டறையில் தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. அந்தத் தெலுங்கை நான் நிறைய வாங்கியிருக்கிறேன்.

அப்படி என்ன செய்துவிட்டார் அவர்? தகடு வெட்டும் பவர் பிரஸ்ஸுக்கு ஒரு தடுப்பு செய்தார். பழைய மொபெட்டின் பிரேக் கேபிள், ஒரு ஸ்பிரிங், ஒரு கம்பிவலைச் சட்டம். சட்டம் முழுதாகக் கீழே இறங்கினால்தான் பிரஸ் அடிக்கும். உள்ளே கை இருந்தால் சட்டம் கையில் இடித்து நின்றுவிடும், பிரஸ்ஸும் நின்றுவிடும். அவ்வளவுதான்! அதற்கு முன் இந்த ஊரில் எத்தனை விரல்கள் போயின? இந்த மண்டபத்தில் கை தூக்கச் சொன்னாலே தெரியும்.

கேட்டவர்களுக்கெல்லாம் சாக்பீஸால் தரையில் படம் போட்டுக் காட்டினார். ஹரீஷ்குமார் சாரின் கம்பெனி நடத்திய சப்ளையர் கூட்டத்திலும் போட்டுக் காட்டினார். "பெரிய கம்பெனி இத மாட்டுனா ஊரே மாட்டும்ணா" என்றார். என்ன நம்பிக்கை! என்ன வெகுளித்தனம்!

அவர்கள் அதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். மூன்று இன்ஜினியர்களின் பெயரில்! இந்த 2008 பங்குனியில் நமக்கெல்லாம் வக்கீல் நோட்டீஸ் வந்தது. கம்பெனியின் அனுமதி இல்லாமல் அந்தத் தடுப்பைச் செய்யக் கூடாது, மாட்டக் கூடாது. நாம் என்ன செய்தோம்? வாயை மூடிக்கொண்டு கழற்றினோம். கழற்றிய பதினோராம் நாள் பிரஸ் ஓட்டும் ராஜாத்தியின் வலது கையில் மூன்று விரல்கள் போயின. அதோ, தூணருகே நிற்கிறார். ஹரீஷ்குமார் சார், புதிதாகக் கண்டுபிடித்தவனுக்கு உரிமை கொடுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. கண்டுபிடித்தவனிடமிருந்தே பிடுங்கிக்கொண்டு, ஒரு பெண்ணின் விரலைக் காவு வாங்குவதற்குப் பெயர் உரிமையா? வெட்கமாக இல்லை?

திம்மப்பன் விடவில்லை. கம்பெனி விண்ணப்பிப்பதற்கு முன்பே பட்டறைகளில் இந்தத் தடுப்பு ஓடியது என்று காட்டி, காப்புரிமை வந்த ஒரு வருடத்துக்குள் எதிர்ப்பு மனு போட்டால் காப்புரிமையை ரத்து செய்ய வைக்கலாம் என்று வக்கீல் சொன்னார். கம்பெனி விண்ணப்பித்தது 2004இல். திம்மப்பனிடம் 2001 ஆயுத பூஜையில் எடுத்த புகைப்படம் இருந்தது. பிரஸ்ஸுக்கு வாழைக்கன்று, சந்தனம், குங்குமம். தடுப்புக்கும் பெரிய பொட்டு. மூலையில் தேதி. ஆனால் படம் மட்டும் போதாது, நேரில் பார்த்தவர்கள் எழுதித் தர வேண்டும் என்றார் வக்கீல்.

எட்டு மாதம் நம் கேட்டுகளில் வந்து நின்றார் அந்த மனிதர். "பொய் சொல்லச் சொல்லலீங்கண்ணா. பாத்தத பாத்தேன்னு எழுதுங்க, போதும்." யார் எழுதினோம்? கம்பெனி ஆர்டர் போய்விடுமே என்று ஆளுக்கொரு சாக்கு. இன்று அவர் படத்துக்கு மாலை போட மட்டும் முண்டியடித்து வந்துவிட்டோம். சீ!

உங்களைத் திட்டிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. அந்தப் படம் எடுத்தது என் பட்டறையில். பொட்டு வைத்துக்கொண்டு நிற்பவன் நான். போன செவ்வாய்க்கிழமை அவர் வந்தபோது உள்ளே உட்கார்ந்துகொண்டே, "ஓனர் பேரிகை தோட்டத்துக்குப் போயிட்டாருன்னு சொல்லிடும்மா" என்று ஆபீஸில் இருக்கும் சுகுணாவிடம் சொன்னேன். அவர் என்னைத் தேடிப் பேரிகைக்கே பஸ் ஏறிவிட்டார். திரும்பி வரும் வழியில்தான் நெஞ்சு வலி. அண்ணி, இதை இன்றுவரை உங்களிடம் நான் சொல்லவில்லை. உங்களிடம் மன்னிப்புக் கேட்கும் யோக்கியதைகூட எனக்கு இல்லை.

அழைப்பிதழில் இரண்டு நிமிட மௌனம் என்று போட்டிருக்கிறார்கள். வேண்டாம்! எட்டு மாதம் மௌனமாகத்தானே இருந்தோம்? மனு போட இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. நோட்டரி மாதவன் முத்திரையோடு அங்கே உட்கார்ந்திருக்கிறார். நாளைக் காலை என் எல்லாப் பிரஸ்ஸிலும் தடுப்பு ஏறும். வழக்குப் போடுகிறவர்கள் போடட்டும். அந்தத் தடுப்பை எங்கே பார்த்தீர்களோ, எந்த வருடம் பார்த்தீர்களோ, ஒவ்வொருவராக வந்து வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மாதவன், முதலில் என்னுடையதை எழுதிக்கொள்ளுங்கள். என் பெயர் கோவிந்தப்பன். 2001 ஆயுத பூஜையன்று என் பட்டறையில், மூன்றாவது பிரஸ்ஸில், திம்மப்பன் செய்து மாட்டிய தடுப்பை நான் பார்த்தேன். பேனாவைக் கொடுங்கள்.