மெயினை அணைக்கச் சொன்னவர்

பேராசிரியர் சசிதரின் நினைவுக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும், அவர் பணியாற்றிய கல்லூரியின் முன்னாள் முதல்வர் கனகம் அம்மையார் அவர்களே, மேடையில் இருக்கும் பேராசிரியர்களே, தந்தையை இழந்து நிற்கும் ஹாரிகா அவர்களே, சோமனூரிலிருந்து பஸ் மாறி வந்திருக்கும் ராமாத்தாள் அம்மா அவர்களே, உங்கள் அனைவருக்கும் மயக்க மருந்து மருத்துவர் சண்முகப்ரியாவின் வணக்கம். ‘திரையுலக நண்பர்களே’ என்றும் அழைக்க நினைத்திருந்தேன். அவர்களில் ஒருவரும் வரவில்லை.

மின்பொறியியல் பேராசிரியர் சசிதர் ஓய்வு பெற்றபின் என்ன செய்தார்? சினிமாவில் அறிவியல் உண்மையாக வரவேண்டும் என்று படக்குழுக்களைத் தேடித் தேடிப் போனார். மின்சாரமும் இயந்திரமும் வரும் காட்சிகளை அவர் திருத்துவார், ஆஸ்பத்திரிக் காட்சிகளை நான் திருத்துவேன். எங்கள் ‘திரை அறிவியல் வட்ட’த்தில் இருந்ததே நாங்கள் இருவர்தான். இரண்டு பேரை வைத்து வட்டம் போட முடியுமா என்று கல்லூரியில் கேலி செய்வார்கள். இப்போது நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

ஒருமுறை வெளியூர் இயக்குநர் ஒருவர் கதை சொன்னார். மின்சாரம் தாக்கி ஒருவர் துடிக்கிறார், கதாநாயகன் பாய்ந்து வெறும் கையால் பிடித்து இழுத்துக் காப்பாற்றுகிறான். சசிதர் என்ன சொன்னார் தெரியுமா? “சீன் ரொம்ப நல்லா வந்திருக்குதுங்க. அந்தக் கையில புடிக்கறத மட்டும் கொஞ்சம் பாத்துக்கலாமுங்களா?”

நம் ஊர்ப் பக்கத்தில் இப்படிச் சொன்னால் கூடவே கூடாது என்று அர்த்தம். கல்யாணச் சமையல் வாயில் வைக்க முடியாமல் இருந்தாலும் “நல்லா இருக்குதுங்க” என்று ஆரம்பிக்கிறவர்கள்தானே நாம்? இயக்குநர் நம் ஊர்க்காரர் அல்ல. பேராசிரியரே பாராட்டிவிட்டார் என்று சந்தோஷமாகக் காட்சியை அப்படியே எடுத்தார். படமும் நன்றாக ஓடியது.

அதற்கடுத்த மழைக்காலத்தில் சோமனூரில் ஒரு விசைத்தறிக் குடோனில் மின்கசிவு. தறி ஓட்டிக்கொண்டிருந்தவரை மின்சாரம் பிடித்தது. பக்கத்துத் தறியில் இருந்த வேலுமணி ஓடிப்போய்க் கையால் பிடித்து இழுத்தார். யாரோ மெயின் சுவிட்சை அணைத்ததில் முதலாமவர் பிழைத்தார். காப்பாற்றப் போன வேலுமணி இறந்தார். அவர் ராமாத்தாள் அம்மாவின் மகன்.

அந்தப் படத்தால்தான் இறந்தார் என்று யாரால் சொல்ல முடியும்? என்னால் முடியாது. ஆனால் சசிதர் அந்த வீட்டுக்கே போய், இயக்குநரிடம் தான் பூசிமெழுகிச் சொன்னதை ஒப்புக்கொண்டார். நானும் உடன் இருந்தேன். ராமாத்தாள் அம்மா திட்டவில்லை.

“படத்துல அவன் அப்படித்தானுங்க காப்பாத்துனான். எம்பையனும் அதையேதான் செஞ்சுபோட்டான். நீங்க வெவரந் தெரிஞ்சவங்க, கொஞ்சம் கத்திச் சொல்லியிருக்கலாமில்லீங்க?” என்றார்.

அதன்பிறகு சசிதர் மாறிப்போனார். இயக்குநர் தமிழ்ச்செல்வனின் படத்தில் அதே மாதிரி ஒரு காட்சி வந்தது. நலம் விசாரிப்பதற்கு முன்பே, “தப்பு. இப்படி எடுத்தா ஆளு சாவும்” என்றார். நண்பன் துடிக்கும்போது முதுகைக் காட்டிக்கொண்டு சுவிட்சைத் தேடி ஓடினால் கதாநாயகனைக் கோழை என்பார்களே என்று தமிழ்ச்செல்வன் வாதாடினார். சசிதர் அசையவில்லை. கடைசியில் சரியாகவே எடுத்தார்கள். படம் வெளியான அன்று, கதாநாயகன் ஓடியபோது தியேட்டரில் சிரித்தார்கள். மெயினை அணைத்துவிட்டு அவன் திரும்பி வந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

அதற்குக் கிடைத்த பரிசு என்ன? ஆள் நல்லவர், வாய்தான் சரியில்லை என்ற பேர். அழைப்புகள் குறைந்தன, பிறகு நின்றே போயின. மனைவி இறந்துவிட்டார், மகள் வெளிநாட்டில் இருந்தார். சில நாள் சாயங்காலம் எனக்குப் போன் வரும். “டாக்டர், எம்போனு வேலை செய்யுதான்னு ஒருக்கா கூப்ட்டுப் பாருங்க” என்பார். கூப்பிடுவேன். முதல் மணியிலேயே எடுப்பார். போன் நன்றாகத்தான் வேலை செய்தது. அதை அவரிடம் சொல்லத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

இன்று நான் மட்டும் என்ன, அவரைவிடத் துணிச்சல்காரியா? இல்லை. ஒருவர் முகத்துக்கு நேரே தப்பு என்று சொல்ல எனக்கும் நாக்கு எழாது. அதையெல்லாம் அவர்தான் எனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனாலும் பெருந்துறையில் ஒரு படக்குழு அடுத்த வாரம் என்னை வரச்சொல்லியிருக்கிறது. போகிறேன். தப்பென்றால் தப்பென்றே சொல்வேன். அதன்பிறகு என்னைக் கூப்பிடாமல் போனாலும் சரி, சசிதர் செய்த வேலை நிற்காது. இது இந்தச் சபைக்கு நான் தரும் வாக்கு.

ராமாத்தாள் அம்மா, மகன் போனதிலிருந்து நீங்கள் சினிமாவே பார்ப்பதில்லை என்று அறிவேன். நாங்கள் திருத்திய படங்களை எல்லாம் முதல் நாளே சசிதரும் நானும் சேர்ந்துதான் போய்ப் பார்ப்போம். பெருந்துறையில் எடுக்கும் இந்தப் படம் வந்ததும் என்னோடு ஒரு தடவை வாருங்கள். நான் கத்திச் சொன்னேனா இல்லையா என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.