ஸ்ரீ போட்ட பால்கனிக் கம்பி

கணினி வரைபடத்தில் வைக்க ஒரு வாஷ்பேசின் படத்தைத் தேட எனக்கு ஒருமுறை இரண்டு நாள் ஆயிற்று, சார். படத்தில் மூக்கும் முழியுமாக இருக்கும். இறக்கிப் பார்த்தால் குழாய் சுவருக்குள் போயிருக்கும். இணையத்தில் சும்மா கிடைப்பதெல்லாம் அந்த லட்சணம்தான்.

என் வேலையே அதுதான். மயிலாப்பூரில் விஜயலக்ஷ்மி மேடத்தின் கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் பதினேழு வருடமாக இருக்கிறேன். கணினியில் வீடு வரைகிறவர்களுக்கு வேண்டிய கதவு, ஜன்னல், படிக்கட்டு எல்லாவற்றையும் ரெடிமேட் படங்களாகத் தேடி எடுத்து, அலுவலகத்தின் பொது லைப்ரரியில் சேர்ப்பேன். சேர்ப்பதற்கு முன் அங்குலம் அங்குலமாக அளப்பேன். சரியாக இருந்தால் அந்தப் படத்தின் பெயருக்குப் பின்னால் 'ஸ்ரீ' என்று போடுவேன். ஸ்ரீரங்கன் பார்த்துவிட்டான் என்று அர்த்தம். ஸ்ரீ இருந்தால் ஒருவரும் மறுபடி அளக்கமாட்டார்கள். வரைகிறவர் இழுத்து வைப்பார், மேடம் கையெழுத்துப் போடுவார், வெல்டிங் பட்டறையில் அப்படியே செய்துவிடுவார்கள்.

ஆசிஃப் சேர்ந்து ஐந்து வருடம் ஆகிறது. கெட்டிக்காரன், இல்லை என்று சொல்லமாட்டேன். சேர்ந்த இரண்டாவது வருடம், மீட்டிங்கில் சிரித்துக்கொண்டே கேட்டான்.

"ஸ்ரீ சார், இதெல்லாம் நெட்ல ஃப்ரீயாவே கெடைக்குது. காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நீங்க இன்னாதான் சார் பண்றீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். மறுநாள் வழக்கம்போல மேற்கு மாம்பலத்திலிருந்து பஸ் பிடித்து வந்து வேலையைப் பார்த்தேன்.

அந்த வாரம் அவன் அடையாறில் ஒரு நாலு மாடிக் குடியிருப்பு வரைந்துகொண்டிருந்தான். பால்கனிக்குக் கம்பி கேட்டான். நல்லதாகவே ஒன்று அகப்பட்டது. கம்பிக்குக் கம்பி நாலு அங்குல இடைவெளி, குழந்தையின் தலை நுழையாது. ஒரு குறையும் இல்லை. நான் அந்த நாலை எட்டாக்கினேன். பிறகு ஸ்ரீ போட்டேன்.

மேடம் ஒரே பார்வையில் கண்டுபிடிப்பார், பார்க்காமல் எடுத்துப் போட்டாயா என்று அவனைத் திட்டுவார், லைப்ரரியில் நான் சத்தமில்லாமல் மறுபடி நாலாக்கிவிடலாம், அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். மேடம் படத்தைப் பார்த்துவிட்டு, "நன்னா காத்தோட்டமா இருக்கே ஆசிஃப்" என்றார். அதற்கு நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

கட்டி முடித்து ஆட்கள் குடிவந்தார்கள். மூன்றாம் மாடியில் குளியலறைக் கதவு இடிக்கிறது என்று புகார் வந்தது. மேடம் என்னை அனுப்பினார். அது தை மாதம். ஷண்முகப்ரியா என்ற அந்த வீட்டுப் பெண் காபி கொடுத்தாள். கதவைப் பார்த்துவிட்டு, பால்கனிக்குப் போய்க் கம்பிகளுக்கு நடுவில் டேப்பை வைத்தேன். எட்டு அங்குலம். பட்டறைக்காரர்கள் கச்சிதமாகச் செய்திருந்தார்கள்.

அவள் மகள் கீர்த்திக்கு நாலு வயது. பின்னாலேயே வந்தவள், "அங்கிள், என் தலை போகுது பாருங்க" என்று காட்டினாள். தலை மட்டுமல்ல, ஒரு தோளும் போயிற்று. பிடித்து உள்ளே இழுத்தேன். "உள்ள போய் விளையாடு கண்ணு" என்றேன். போய்விட்டாள்.

"அளவெல்லாம் சரியா இருக்கா சார்?" என்று ஷண்முகப்ரியா சமையலறையிலிருந்து கேட்டாள்.

"சரியா இருக்கும்மா" என்றேன்.

ஆடியில் குழந்தை அந்தக் கம்பிகளுக்கு நடுவே விழுந்தது. பிழைக்கவில்லை. செய்தி வந்தபோது ஒரு சமையல் மேடையை அளந்துகொண்டிருந்தேன். அதை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. சாப்பாடு ருசிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆசிஃப்பை நீங்கள் ஸ்டேஷனுக்கு அழைத்துக்கொண்டு வந்து ஒன்பது நாள் ஆகிறது. அவன் எந்த அளவையும் மாற்றவில்லை. அளந்து பார்க்கவில்லை, அது உண்மை. ஆனால் எட்டு அங்குலம் என்னுடையது. தெரிந்துதான் செய்தேன். அதைச் சொல்லத்தான் வந்தேன், எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தக் கம்பியை லைப்ரரியிலிருந்து எடுத்துவிட்டீர்களா என்று கேட்கிறீர்கள். இல்லை சார். கிண்டியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கும் அதையேதான் வைத்து வரைந்துகொண்டிருக்கிறார்கள். எடுத்தால் நான் ஸ்ரீ போட்டது ஒன்று தப்பு என்று ஆகிவிடும். பதினேழு வருடத்தில் அப்படி ஒன்றுகூட நேர்ந்ததில்லை.